பல் நகரும் கணக்கு

அடி மேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்பது நம் மூத்தோர் வாய்மொழி. ஆனால் அம்மொழிக்கு அடங்காத பொருள் ஒன்று நம் வாயிலேயே இருக்கிறது. அதுதான் பல். கடினமான பண்டத்தைக் கடிக்கும்போது கடைவாய்ப் பல்லின்மீது 50 கிலோகிராம் எடைக்கு ஒப்பான விசைகூட விழலாம். இத்தகைய அடிகள் நாள்தோறும் விழுகின்றன. ஆயுள் முழுவதும் விழுகின்றன. பல்லோ இருந்த இடத்திலேயே இருக்கிறது. அதே பல்லை, 50 கிராம் எடைக்கு ஒப்பான விசையுடைய ஒரு மெல்லிய கம்பி இரவும் பகலும் விடாமல் தள்ளுமாயின், மாதத்திற்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் வீதம் பல் இடம் பெயர்கிறது. ஆயிரம் மடங்கு பெரிய அடிக்கு அசையாதது, மெல்லிய தள்ளுதலுக்கு அசைவானேன்?

இவ்வினாவிற்குரிய விடை பல்லில் இல்லை. பல்லைத் தாங்கும் தாடை எலும்பில் இருக்கிறது. கோணிய பல்லைச் சீராக்கும் மருத்துவர்கள் நூறாண்டுக்கு மேலாக இவ்விடையைத் தேடி வந்துள்ளனர். அண்மைக் காலத்தில் பொறியியல் அறிஞரும் அவர்களோடு சேர்ந்து, தாடை எலும்பின் மாற்றத்தைக் கணிப்பொறியில் கணக்கிட்டுக் காண முயல்கின்றனர். அம்முயற்சியின் சாரத்தை ஆசிரியர்கள் வகுப்பில் எடுத்துச் சொல்லத்தக்க முறையில் இங்குக் காண்போம்.

பல்லும் அதன் குழியும்

பல்லானது எலும்பில் ஆணிபோல் அறையப்பட்டதன்று. பல்லின் வேருக்கும் எலும்புக் குழியின் சுவருக்கும் இடையே ஒரு சிறு இடைவெளி உண்டு. அதன் அகலம் ஏறத்தாழ 0.2 மில்லிமீட்டர்; அதாவது, சில தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய கனமே. இவ்விடைவெளியில் நார்களும், நுண்ணிய இரத்தக் குழாய்களும், உயிரணுக்களும், நீர்மமும் நிறைந்துள்ளன. இதனை நாம் 'நார்ப்படலம்' என்று வழங்குவோம். நார்களின் ஒரு முனை வேரில் பதிந்திருக்கிறது. மறுமுனை எலும்புச் சுவரில் பதிந்திருக்கிறது. தூளியில் குழந்தை தொங்குவதுபோல், பல் இந்நார்களில் தொங்கிக் கொண்டிருக்கிறது எனலாம்.

குளத்து நீரை உள்ளங்கையால் ஓங்கி அறைந்து பாருங்கள், கை வலிக்கும். அதே கையை மெல்ல அமிழ்த்துங்கள். நீர் விலகி வழிவிடும். நார்ப்படலத்தின் தன்மையும் ஏறக்குறைய இதுதான். மெல்லும்போது விழும் அடி ஒரு நொடிக்குள் முடிந்து விடுகிறது. அதற்குள் படலத்திலுள்ள நீர்மம் ஒதுங்க இயலாது. ஆதலின் அதுவே அடியைத் தாங்கிக் கொள்கிறது. கம்பியின் விசையோ நொடிகளைக் கடந்து, மணிக் கணக்கில் நீடிக்கிறது. நீர்மம் மெல்ல ஒதுங்குகிறது. ஒருபுறத்து நார்கள் நசுங்குகின்றன. மறுபுறத்து நார்கள் விறைத்து நீள்கின்றன. இரத்த ஓட்டம் மாறுகிறது. நாளொன்றுக்குச் சில மணி நேரமாவது இந்நிலை நீடித்தால்தான் உயிரணுக்கள் அதனை ஓர் ஆணையாக ஏற்கின்றன.

பிறகு நடப்பதுதான் வியப்பு. எலும்பைக் கரைக்கும் உயிரணுக்கள் என்றும், எலும்பைக் கட்டும் உயிரணுக்கள் என்றும் இருவகைத் தொழிலாளர் நம் உடலில் உண்டு. முன்னவை, பல் செல்லும் திசையிலுள்ள சுவரைக் கரைக்கின்றன. பின்னவை, பல் விட்டுச் சென்ற பக்கத்தில் புதிய எலும்பைப் படிய வைக்கின்றன. ஏர்க்கொழு மண்ணைப் பிளந்து செல்வதுபோல் பல் எலும்பைப் பிளந்து செல்வதில்லை. உண்மையில் குழியே இடம் பெயர்கிறது; பல் தன் குழியோடு உடன் செல்கிறது.

கண்டறிந்த வரலாறு

பல்லைத் தள்ளி நகர்த்தலாம் என்பது பழைய செய்தியே. கி.பி. முதல் நூற்றாண்டில் வாழ்ந்த ரோமானிய எழுத்தாளர் செல்சஸ், பால்பல் விழாமல் நிற்க அருகே புதுப்பல் முளைத்தால், பால்பல்லைப் பிடுங்கிவிட்டுப் புதுப்பல்லை நாள்தோறும் விரலால் அதற்குரிய இடத்திற்குத் தள்ள வேண்டும் என்று எழுதி வைத்தார். 1728ஆம் ஆண்டில் பிரெஞ்சு நாட்டுப் பியேர் ஃபோஷார், பல் மருத்துவம் பற்றிய தம் பெருநூலில், வளைந்த உலோகப் பட்டையில் பற்களைக் கட்டி இழுக்கும் முறையை விளக்கினார். எனினும், உள்ளே எலும்பில் நடப்பது யாது என்பதை இவர்கள் கண்டாரல்லர்.

அதனைக் கண்டவர் சுவீடன் நாட்டுக் கார்ல் சாண்ட்ஸ்டெட். அவர் நாய்களின் முன்பற்களைக் கம்பியால் சில வாரங்கள் இழுத்து நகர்த்தி, பின்னர்த் தாடையை மெல்லிய சீவல்களாக அரிந்து நுண்பெருக்கியில் வைத்து நோக்கினார். 1904ஆம் ஆண்டில் வெளிவரத் தொடங்கிய அவர் கட்டுரைகள் இரண்டு உண்மைகளை நிலைநாட்டின. அழுத்தம் விழும் பக்கத்தில் எலும்பு கரைகிறது. இழுப்பு விழும் பக்கத்தில் எலும்பு வளர்கிறது என்பது ஒன்று. விசை மிகுந்து போனால் இவ்வொழுங்கு குலைகிறது என்பது மற்றொன்று.

விசை மிகுந்தால் வேகம் மிகுமா?

இந்த இரண்டாம் உண்மையை நாம் சற்று நின்று நோக்க வேண்டும். இருமடங்கு விசை கொடுத்தால் இருமடங்கு விரைவில் வேலை முடியும் என்று எண்ணுவது இயல்பு. தாடையில் அது நடவாது.

விசை அளவு கடந்தால் நார்ப்படலத்தின் நுண்ணிய இரத்தக் குழாய்கள் முற்றும் நசுங்குகின்றன. அவ்விடத்து உயிரணுக்கள் மடிகின்றன. நுண்பெருக்கியில் அப்பகுதி உயிரணு எதுவும் இன்றிக் கண்ணாடிபோல் வெறுமையாய்த் தெரியும். வேலை செய்ய வேண்டிய தொழிலாளரே மாண்ட பின் சுவரைக் கரைப்பவர் யார்? அண்டையிலுள்ள எலும்பின் உட்பகுதியிலிருந்து கரைக்கும் உயிரணுக்கள் வந்து, சுவரைப் பின்புறமிருந்து குடைந்து வரவேண்டும். அதற்கு வாரக் கணக்கில் ஆகும். அதுவரை பல் நின்ற இடத்திலேயே நிற்கும்; வலியும் மிகும். சில வேளை, எலும்பைக் கரைக்க வந்த உயிரணுக்கள் பல்லின் வேரையும் கரைத்துக் குட்டையாக்கி விடும். கரைந்து குட்டையான வேர் மீண்டும் பழைய நீளத்திற்கு வளர்வதில்லை.

இரப்பர்த் தோட்டத்தில் பால் வெட்டியவர்களுக்கு இதனை விளக்க வேண்டியதில்லை. மெல்லிய சீவலாகப் பட்டையைச் சீவினால் பால் வரும். பட்டையும் மீண்டும் வளரும். அவசரப்பட்டுக் கத்தியை ஆழ இறக்கினால் மரத்தில் காயம் விழும். வளரும் பட்டை முண்டும் முடிச்சுமாய் வளரும். உயிருள்ள பொருள் தன் வேகத்தில்தான் வேலை செய்யும்.

1932ஆம் ஆண்டில் ஷ்வார்ட்ஸ் என்ற அறிஞர் இதற்கு ஓர் அளவு கூறினார். ஒரு சதுர சென்டிமீட்டர் பரப்பின்மேல் 20 முதல் 26 கிராம் வரையான விசையே தக்கது என்றார். நுண்ணிய இரத்தக் குழாயினுள் இருக்கும் அழுத்தம் ஏறத்தாழ அவ்வளவே. அதனை மிஞ்சினால் குழாய் மூடிக்கொள்ளும் என்பது அவர் கருத்து. அவர் கூறிய எண்ணை இன்று அப்படியே கொள்வாரில்லை. எனினும், பார்க்க வேண்டியது மொத்த விசையை அன்று, ஒரு பரப்பின்மேல் விழும் விசையை என்ற அவருடைய நோக்கு நிலைத்துவிட்டது.

மாணவர்க்கு ஒரு கணக்கால் இதனை விளக்கலாம். 50 கிராம் விசை 2 சதுர சென்டிமீட்டர் பரப்பில் சீராகப் பரவினால், ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 25 கிராம் விழும். அதே விசை கால் சதுர சென்டிமீட்டர் மூலையில் குவிந்தால், ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 200 கிராம் என்ற கணக்காகும். கம்பி மாறவில்லை, விசை மாறவில்லை. அழுத்தம் எட்டு மடங்காகி விட்டது.

நெம்புகோல்

விசை ஏன் மூலையில் குவிகிறது? கம்பி பல்லின் வெளிப்பகுதியைத்தான் பற்றுகிறது, வேரை அன்று. நட்ட கம்பத்தின் உச்சியைத் தள்ளினால் கம்பம் சாய்வதுபோல், பல்லும் சாய்கிறது. மேற்பகுதி முன்னே போக, வேரின் நுனி பின்னே போகிறது. ஆகவே அழுத்தம் குழியின் ஒருபுறத்து விளிம்பிலும், எதிர்ப்புறத்து நுனியிலும் குவிகிறது.

ஒவ்வொரு பல்லுக்கும் 'தடைமையம்' என்று சொல்லத்தக்க ஒரு புள்ளி உண்டு. அப்புள்ளியின் வழியாக விசை சென்றால் பல் சாயாமல் நேராகப் பெயரும். ஒற்றை வேருடைய பல்லில் இப்புள்ளி எலும்பின் விளிம்பிற்கும் வேர்நுனிக்கும் இடையே, விளிம்பிலிருந்து மூன்றிலொரு பங்கு முதல் பாதித் தொலைவுக்குள் அமைகிறது. அங்கே கம்பி கட்ட இயலாது. ஆதலின் வேறு வழி தேட வேண்டும். கம்பி பற்றும் இடம் தடைமையத்திலிருந்து 10 மில்லிமீட்டர் தொலைவில் இருப்பதாகவும், விசை 100 கிராம் என்றும் கொள்வோம். பல்லைச் சாய்க்கும் திருப்புமை 1,000 கிராம்-மில்லிமீட்டர். இதற்கு நேர் எதிரான 1,000 கிராம்-மில்லிமீட்டர் திருப்புமையையும் உடன் கொடுத்தால் பல் சாயாது. அமெரிக்க நாட்டு எட்வர்டு ஆங்கிள், 1920களில், நாற்கோணக் கம்பியை நாற்கோணக் காடியில் பொருத்தும் முறையை அமைத்தார். திருகும்போது வட்டக் கம்பி காடியில் வழுக்கிப் போகும். நாற்கோணக் கம்பி பல்லைப் பற்றித் திருப்பும். சாவிக்கும் பூட்டுக்கும் உள்ள உறவு போன்றது இது.

ஒரு பல்லைச் சாய்க்க 35 முதல் 60 கிராம் வரை போதும் என்றும், சாயாமல் பெயர்க்க 70 முதல் 120 கிராம் வரை வேண்டும் என்றும், குழிக்குள் அமிழ்த்துவதற்கு 10 முதல் 20 கிராமுக்கு மேல் கூடாது என்றும் பாடநூல்கள் கூறும். காரணம் மேற்கண்ட கணக்கே. சாயாமல் பெயரும்போது விசை வேரின் நெடும்பரப்பில் பரவுகிறது. அமிழ்த்தும்போது கூரிய வேர்நுனியில் குவிகிறது.

எலும்பின் விதியில் ஒரு முரண்

இனி, இத்துறையின் உயிர்நிலையான சிக்கலுக்கு வருவோம். 1892ஆம் ஆண்டில் ஜெர்மானிய மருத்துவர் யூலியஸ் வோல்ஃப் எலும்பின் மாற்றம் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். எலும்பு தான் சுமக்கும் பாரத்திற்கு ஏற்பத் தன்னை மாற்றி அமைத்துக் கொள்ளும் என்பது அவர் கண்ட விதி. பந்தாட்டக்காரரின் ஆடும் கையெலும்பு மறுகையினதைவிடத் தடித்திருக்கிறது. எடையற்ற விண்வெளியில் தங்குவோரின் எலும்பு தேய்கிறது. பாரம் உண்டேல் எலும்பு வளரும், இன்றேல் தேயும்.

அங்ஙனமாயின், பல் அழுத்தும் சுவர் தடிக்க வேண்டுமன்றோ? அது கரைகிறதே! தொடையெலும்பில் ஒரு நீதி, தாடையில் மற்றொரு நீதியா?

கணக்கிடுவோர்க்கு இது சொற்சிக்கல் அன்று. "அழுத்திய இடத்தில் எலும்பு வளர்க" என்று கணிப்பொறிக்கு விதி வகுத்தால், பல்லின் முன்னே சுவர் தடித்துப் பல் நகரவே நகராது. "அழுத்திய இடத்தில் எலும்பு கரைக" என்று வகுத்தால், அவ்விதியின்படி நம் தொடையெலும்பு நம் எடையைத் தாங்கித் தாங்கியே கரைந்து போக வேண்டும். இரண்டிடத்திற்கும் பொருந்தும் ஒரு விதி வேண்டும்.

1969ஆம் ஆண்டில் ஷெல்டன் பாம்ரிண்டு என்ற அமெரிக்க ஆராய்ச்சியாளர், அழுத்தப் பக்கம், இழுப்புப் பக்கம் என்ற பழைய பிரிவினையே பொருந்துமா என்று வினவினார். நார்ப்படலம் நீர்மம் நிறைந்த தொடர்ச்சியான ஒரே கலம். அத்தகைய கலத்தில் அழுத்தம் எப்புறமும் சமமாய்ப் பரவும் என்பது பாஸ்கல் விதி. எனவே படலத்தை மட்டும் பாராது, எலும்பு வளைவதையும் கருத வேண்டும் என்றார். பின்னர், 1987ஆம் ஆண்டில் ஹரால்டு ஃபிராஸ்ட், எலும்புக்குள் ஒரு காவல் ஏற்பாடு உண்டு என்ற கருத்தை விளக்கினார். எலும்பின் வளைவு ஓர் அளவுக்குக் குறைந்தால் எலும்பு கழிக்கப்படும். ஓர் அளவுக்கு மிகுந்தால் சேர்க்கப்படும். இடைப்பட்ட நிலையில் மாற்றமில்லை என்பது அதன் சுருக்கம்.

இக்கருத்தைத் தாடைக்குப் பொருத்திக் காட்டியவர் டென்மார்க்கு நாட்டுப் பேராசிரியை பிர்டே மெல்சன். 2001ஆம் ஆண்டில் வெளியான அவர் கட்டுரையின் நோக்கை, நாம் முன்பு சொன்ன தூளியைக் கொண்டு விளக்கலாம். இயல்பான நிலையில் நார்கள் எலும்புச் சுவரைப் பல மருங்கிலும் இழுத்துக் கொண்டே இருக்கின்றன. இவ்விழுப்பே சுவருக்குப் பழகிய வேலை. பல் ஒருபுறம் தள்ளப்பட்டதும், அப்புறத்து நார்கள் தளர்ந்து விடுகின்றன. நாம் 'அழுத்தம்' என்று பெயரிட்ட இடத்தில், சுவருக்குக் கிடைத்து வந்த இழுப்பு நின்று போகிறது. வேலையிழந்த எலும்பு, விண்வெளியில் தேயும் எலும்பைப்போல், கழிக்கப்படுகிறது. எதிர்ப்புறத்து நார்களோ விறைத்துச் சுவரை வளைக்கின்றன. அங்கே எலும்பு வளர்கிறது. இவ்வாறு நோக்கினால் தொடைக்கும் தாடைக்கும் நீதி ஒன்றே. முரண் எலும்பில் இல்லை. நாம் வெளியிலிருந்து பார்த்து இட்ட பெயரில் இருந்தது. ஆயினும் வழக்கு முடிந்துவிட்டது என்று எண்ணற்க. இரத்த ஓட்டத்தின் தடையும், காயத்தில் தோன்றும் அழற்சியும், உயிரணுக்கள் விடுக்கும் வேதிப் பொருள்களும் பெரும்பங்கு கொள்கின்றன என்று வாதிப்போரும் உளர்.

கணிப்பொறியில் ஒரு தாடை

இத்தகைய விதிகளைச் சோதிப்பதற்கு வாயைத் திறந்து உள்ளே பார்க்க இயலாது. ஆகவே கணிப்பொறியில் ஒரு தாடையை அமைக்கின்றனர். 1950களில் விமானத்தின் இறக்கையைக் கணக்கிட வளர்ந்த ஒரு முறை இதற்குக் கருவியாயிற்று. சிக்கலான வடிவத்தைப் பல சிறு துண்டுகளாகப் பகுத்து, ஒவ்வொரு துண்டுக்கும் எளிய கணக்கிட்டு, எல்லாவற்றையும் இணைத்து விடை காண்பது அம்முறை. 1977ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் யெட்ரம், ரைட், ஹூஸ்டன் என்ற மூவர் மேல்தாடை முன்பல் ஒன்றுக்கு இம்முறையைக் கையாண்டனர். 1987ஆம் ஆண்டில் ஜப்பானிய அறிஞர் தன்னே முதலானோர் பல்லின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் கொண்ட முழு வடிவத்தில் கணக்கிட்டனர்.

இக்கணக்கு நான்கு படிகளைக் கொண்டது. முதலாவது, பல், படலம், எலும்பு ஆகியவற்றைத் துண்டுகளாக்கி ஒவ்வொன்றின் விறைப்பையும் குறித்தல். இரண்டாவது, கம்பியின் விசையைக் கொடுத்து ஒவ்வொரு துண்டும் எவ்வளவு திரிகிறது என்று காணுதல். மூன்றாவது, கிடைத்த தூண்டலிலிருந்து பழகிய தூண்டலைக் கழித்து, மிச்சத்தை ஒரு மாறிலியால் பெருக்கி, அத்துண்டின் செறிவைக் கூட்டுதல் அல்லது குறைத்தல். நான்காவது, மாறிய எலும்பைக் கொண்டு மீண்டும் முதற்படியிலிருந்து தொடங்குதல். ஒவ்வொரு சுற்றும் சில நாளின் மாற்றத்தைக் குறிக்கும். பல சுற்றுகள் கடந்தால் பல் நகர்ந்த பாதை தெரியும்.

மூன்றாம் படியில் ஒரு நுட்பம் உண்டு. எலும்பின் விறைப்பு அதன் செறிவின் மும்மடியைப் பொறுத்தது என்று 1977ஆம் ஆண்டில் கார்ட்டரும் ஹேய்ஸும் காட்டினர். செறிவு பாதியானால் விறைப்பு பாதியாவதில்லை, எட்டிலொரு பங்காகிறது. ஆதலின் சிறிது கரைந்தாலே சுவர் பெரிதும் நெகிழ்கிறது. அடுத்த சுற்றில் விடை வெகுவாக மாறுகிறது. முதற்சுற்றின் சிறு பிழை பத்தாம் சுற்றில் பெரும்பிழை ஆகலாம்.

தூண்டல் எது என்பதில் இருபள்ளியினர் உளர். படலத்தின் திரிபே தூண்டல் என்பர் ஒரு சாரார். எலும்பின் திரிபே தூண்டல் என்பர் மறு சாரார். 1999ஆம் ஆண்டில் ஜெர்மனியில் பௌராவெலும் அவர் தோழர்களும் இவ்விரு வழியிலும் கணக்கிட்டு ஒப்பிட்டனர். இவ்வேறுபாடு ஏன் முதன்மையானது என்பது எண்களால் விளங்கும். பல கணக்குகளில் எலும்பின் விறைப்பு ஏறத்தாழ 14,000 மெகாபாஸ்கல் என்றும், படலத்தின் விறைப்பு ஏறத்தாழ 0.7 மெகாபாஸ்கல் என்றும் கொள்ளப்படுகின்றன. இரண்டிற்கும் இடையே இருபதாயிரம் மடங்கு! எனவே கம்பி தள்ளியவுடன் தோன்றும் அசைவு முழுவதும் ஏறக்குறையப் படலத்திலேயே அடங்குகிறது. எலும்பு வளைவது மிகச் சிறிதே.

கணக்கின் எல்லை

இங்கேதான் நாம் விழிப்பாக இருக்க வேண்டும். 0.7 என்று சொன்னோம். ஆனால் படலத்தின் விறைப்புக்குப் பல்வேறு ஆராய்ச்சியாளர் கொண்ட எண்களைத் தொகுத்தால், 0.01 முதல் 1,000 மெகாபாஸ்கலுக்கு மேலும் அவை விரிந்து கிடக்கின்றன. அளந்தவர் பிழையன்று இது. வேகமாகத் தள்ளினால் விறைத்தும், மெல்லத் தள்ளினால் நெகிழ்ந்தும் நிற்கும் பொருளை ஒரே எண்ணால் குறிப்பது எங்ஙனம்? மூன்றாம் படியில் வரும் மாறிலியும் ஆளுக்கு ஆள், வயதுக்கு வயது வேறுபடும். கணிப்பொறி காட்டும் வண்ணப் படம் அழகாக இருப்பதனாலேயே அது உண்மையாகி விடாது. விடை நாம் கொடுத்த எண்ணையும் விதியையும் பொறுத்தது. ஆயினும், எங்கே அழுத்தம் குவியும், எந்தக் கம்பி வேருக்குக் கேடு செய்யும் என்று முன்னறிவிக்க இக்கணக்கு பெருந்துணை புரிகிறது. வோல்ஃபின் விதிக்கும் சாண்ட்ஸ்டெட்டின் காட்சிக்கும் இடையிலிருந்த முரணை ஒளிக்க இயலாதவாறு எண்ணால் வெளிப்படுத்துவதும் இதன் பயனே.

இவ்வறிவு ஏட்டளவில் நிற்பதன்று. மலேசியாவில் உரிமம் இல்லாதோர் அழகுக்காகப் போலிப் பல்கம்பி கட்டிப் பணம் பெறுவதையும், அவர்களுள் சிலர் நீதிமன்றத்தில் தண்டனை பெற்றதையும் செய்தித்தாள் படிப்போர் அறிவர். "வெறும் கம்பிதானே, என்ன செய்துவிடும்?" என்று இளைஞர் கேட்கின்றனர். 50 கிராம் விசை தாடை எலும்பையே கரைத்து மறுபடியும் கட்டவல்லது என்பதே அதற்கு விடை. தடைமையம் அறியாத கை, அழுத்தம் எங்கே குவிகிறது என்று அறியாத கை, அவ்விசையை ஏவிவிட்டால் வேர் கரையும், பல் ஆடும். முறையாகக் கட்டிய கம்பியையும், "விரைவில் முடியுங்கள், இன்னும் இறுக்குங்கள்" என்று பெற்றோர் வற்புறுத்தலாகாது. இறுக்கினால் வேலை நின்றுவிடும் என்பதைச் சாண்ட்ஸ்டெட்டின் நுண்பெருக்கி நூறாண்டுக்கு முன்பே காட்டிவிட்டது.

கம்பியைக் கழற்றிய அன்றே வேலை முடிந்ததாகவும் எண்ணக் கூடாது. பல்லின் பின்னே படிந்த புதிய எலும்பு முதிர்வதற்கும், ஈற்றிலுள்ள நார்கள் புதிய நிலைக்குப் பழகுவதற்கும் பல மாதங்கள் ஆகும். அதுவரை பல்லைப் பிடித்து நிறுத்தும் கருவியை அணியாவிடில் பல் பழைய இடம் நோக்கித் திரும்பும். அடி மேல் அடி அடித்தால் அம்மி நகரலாம். பல்லை நகர்த்துவது அடியன்று. இடைவிடாத மென்மையும், எலும்புக்கு நாம் தரும் அவகாசமுமே ஆகும்.